34 ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பாகம்: 'தி டெஸ்டமெண்ட்ஸ்' எங்கே ஜெயித்தது, எங்கே சறுக்கியது

கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவல் 1985-ல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகமான 'தி டெஸ்டமெண்ட்ஸ்' 2019 செப்டம்பர் 10-ம் தேதி வந்தது. நடுவில் 34 ஆண்டுகள். இவ்வளவு தாமதமாக ஒரு இரண்டாம் பாகம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். 2017-லிருந்து தொலைக்காட்சித் தொடர் பிரமாதமாக ஓடியது, புத்தகமும் விற்றது, அதனால் எழுதியிருப்பார் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்கியவர்களும் உண்டு. புதுச்சேரியில் உட்கார்ந்து இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்துப் படித்த எனக்கு அந்தத் தீர்ப்பு அவசரமானது என்று படுகிறது. இந்த நாவலுக்குள் மூன்று குரல்கள் பேசுகின்றன. ஒன்று முதல் பாகத்தையே மிஞ்சுகிறது. ஒன்று கூடவே நடந்து வருகிறது. ஒன்று தோற்றுப்போகிறது. ஏன் அப்படி ஆனது என்பதைப் பார்க்கலாம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, எனவே படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

முதல் பாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மதத்தின் பெயரால் ஒரு கூட்டம் ஆட்சியைப் பிடித்து, நாட்டுக்கு கிலியட் என்று பெயர் வைக்கிறது. தமிழ் பைபிளில் கீலேயாத் என்று வரும் பெயர்தான். குழந்தைப் பிறப்பு மோசமாகக் குறைந்துவிட்ட காலம் அது. பிள்ளை பெறக்கூடிய பெண்கள் சிலரைப் பிடித்து, கமாண்டர்கள் எனப்படும் பெரிய அதிகாரிகளின் வீடுகளில் பிள்ளை பெற்றுத்தர வைக்கிறார்கள். இவர்கள்தான் ஹேண்ட்மெய்ட்கள். இதற்கு ஆதாரமாக ஆதியாகமம் 30-ம் அதிகாரம் காட்டப்படுகிறது. தனக்குப் பிள்ளை இல்லாத ராகேல், வேலைக்காரி பில்காளைத் தன் கணவன் யாக்கோபிடம் அனுப்புகிற கதை அது. கிலியட்டில் பெண்கள் சொத்து வைத்துக்கொள்ள முடியாது. சாதாரணப் பெண்கள் எழுதப் படிக்கவும் கூடாது. சிவப்பு அங்கியும் வெள்ளைத் தலைமூடியும் போட்ட ஆஃப்ரெட் என்ற பெண் தன் கதையைச் சொல்கிறாள். கடைசியில் வாசலில் ஒரு கறுப்பு வேன் வந்து நிற்கிறது. காப்பாற்ற வந்ததா, பிடித்துப்போக வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

அந்தத் தெரியாமைதான் முதல் பாகத்தின் உயிர். ஆஃப்ரெட் பார்க்கிற அளவுக்குத்தான் நாமும் பார்க்கிறோம். தலைமூடியின் ஓரங்கள் அவள் பார்வையை மறைப்பதுபோல நாவலும் நம் பார்வையை மறைக்கிறது. ஆட்சி எப்படி நடக்கிறது, மேலே இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், அவளுடைய மகள் எங்கே இருக்கிறாள் என எல்லாமே ஊகம். ஊகிக்க வேண்டியிருப்பதால்தான் பயம் அதிகமாகிறது. இரண்டாம் பாகம் எழுதினால் இதில் கை வைத்தே ஆக வேண்டும். விடை சொன்னால் பயம் குறையும், சொல்லாவிட்டால் இரண்டாம் பாகமே தேவையில்லை.

அட்வுட் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார் என்பது புரிய, முதல் பாகம் எழுதப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். 1984 வசந்த காலத்தில், சுவரால் பிரிக்கப்பட்டிருந்த மேற்கு பெர்லினில், வாடகைக்கு எடுத்த ஜெர்மன் தட்டச்சு இயந்திரத்தில் அதைத் தொடங்கினார். கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நாடுகளுக்கும் அப்போது போய்வந்தார். பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று பேச்சை மாற்றுவதையும், யார் கேட்கிறார்களோ என்று குரலைத் தாழ்த்துவதையும் அங்கே பார்த்திருக்கிறார். தனக்கென ஒரு விதியும் வைத்துக்கொண்டார்: உலகத்தில் எங்காவது, எப்போதாவது உண்மையில் நடக்காத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை. ருமேனியாவில் 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்த ஆணை, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் குழந்தைகளை அதிகாரிகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தது எல்லாம் நடந்தவைதான். நம் நாட்டில் நெருக்கடி நிலையின்போது ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு, அரசாங்கம் உடம்புக்குள் நுழையும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 1985-க்கும் 2019-க்கும் நடுவில் ஒரு விஷயம் மாறிவிட்டது. பெர்லின் சுவர் 1989 நவம்பரில் விழுந்தது. 1990 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் தலைமையகத்துக்குள் மக்கள் நுழைந்தார்கள். 1992-லிருந்து தங்களைப் பற்றிய கோப்புகளைத் தாங்களே கேட்டுப் பார்க்க மக்களுக்கு உரிமை கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர், சில நேரம் கட்டிய கணவனே தகவல் கொடுத்திருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. முதல் பாகத்தை எழுதும்போது அட்வுட்டுக்குச் சுவர் நிற்பது மட்டும்தான் தெரியும். இரண்டாம் பாகத்தை எழுதும்போது அது விழுந்ததும் தெரியும், விழுந்தபிறகு கோப்புகளில் என்னென்ன கிடைத்தது என்பதும் தெரியும். அதனால் கேள்வியும் மாறிவிட்டது. இப்படிப்பட்ட ஆட்சிக்குள் ஒருத்தி எப்படி வாழ்வாள் என்பது முதல் பாகத்தின் கேள்வி. இதைக் கட்டியவர்கள் யார், இது எங்கிருந்து விரிசல் விடும் என்பது இரண்டாம் பாகத்தின் கேள்வி.

கதை, வேன் வந்ததற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நடக்கிறது. கிலியட்டில் மற்றப் பெண்களைப் பயிற்றுவித்து அடக்கி வைக்கும் பெண்களுக்கு ஆன்ட் என்று பெயர். அவர்களில் ஒருவரான ஆன்ட் லிடியா ரகசியமாக எழுதும் கையெழுத்துப் பிரதி ஒரு இழை. கிலியட்டில் கமாண்டர் வீட்டில் வளரும் ஆக்னஸின் சாட்சியம் இன்னொன்று. கனடாவின் டொரன்டோவில் பழைய துணிக்கடை நடத்தும் தம்பதியிடம் வளரும் டெய்சியின் சாட்சியம் மூன்றாவது.

இதில் லிடியாவின் பகுதிக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம். முதல் பாகத்தில் இவர் வெறும் அச்சுறுத்தல்தான். ஹேண்ட்மெய்ட்களை அடித்தும் உபதேசித்தும் பணிய வைக்கும் கொடுமைக்காரி. இரண்டாம் பாகத்தில் தன் கதையைத் தானே எழுதுகிறார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படித்து, குடும்ப நல நீதிபதியாக உயர்ந்தவர். ஆட்சி மாறியதும் ஆயுதத்தோடு வந்து அழைத்துப்போகிறார்கள். வக்கீல்களும் நீதிபதிகளுமாகப் படித்த பெண்கள் ஒரு விளையாட்டு மைதானத்தில் அடைக்கப்படுகிறார்கள். கழிப்பறை ஒழுங்காக இல்லை, தண்ணீர் போதவில்லை, கண்ணெதிரே தினமும் சிலர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். 1973-ல் சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தலைநகரத்தின் தேசிய மைதானம் இப்படித்தான் சிறையாக்கப்பட்டது. தன் விதியை அட்வுட் இங்கேயும் கைவிடவில்லை.

பிறகு லிடியா இருட்டறையில் தனியாக அடைக்கப்படுகிறார், அடி வாங்குகிறார். அப்புறம் திடீரென்று ஒரு ஹோட்டல் அறை, வெந்நீர், சாப்பாடு, சுத்தமான உடை. சில நாள் கழித்து கையில் துப்பாக்கியைக் கொடுத்து மைதானத்தில் நிறுத்துகிறார்கள். எதிரே நிற்பவர்கள் அவரைப் போலவே பிடிபட்ட பெண்கள். லிடியா சுடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர் ஆட்சியின் ஆள். கமாண்டர் ஜட் தலைமையில் வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து பெண்களுக்கான சட்டங்களையும் உடைகளையும் தண்டனைகளையும் அவரே வகுக்கிறார்.

இந்த மாற்றத்தை அட்வுட் எழுதியிருக்கும் விதம் அசாத்தியமானது. அழுகை இல்லை, தன்னிரக்கம் இல்லை. தீர்ப்பு எழுதிப் பழகிய கை, தன்னைப் பற்றியும் தீர்ப்பு எழுதுகிறது. நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் வீடணன் துரோகியா, அறவழியில் நின்றவனா என்ற தலைப்பு இன்னும் தேயவில்லை. லிடியாவை அந்தத் தராசில் வைத்தால் தராசே ஆடும். வீடணன் இலங்கையைக் கட்டியவன் அல்ல. அண்ணனிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வெளியேறினான். லிடியா கோட்டையைக் கட்டியவர்களில் ஒருத்தி. வெளியே போகவில்லை, கல் வைத்த கையாலேயே அஸ்திவாரத்தைத் தோண்டுகிறார். கமாண்டர்களின் குற்றங்களையும், எந்தக் குழந்தை யாருடையது என்ற உண்மையையும் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்து, எல்லை தாண்டிக் கனடாவுக்கு அனுப்பப் பார்க்கிறார்.

கடலூரில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் தோழி ஒருவர் இதில் என்னோடு முரண்படுகிறார். "நீங்க லிடியாவை மன்னிச்சிட்டீங்க சார், அதான் இந்த நாவல் உங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். "அவ கையால செத்தவங்க கணக்கை யார் எழுதுறது?" நியாயமான கேள்வி. நாவல் மன்னிக்கச் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. அதற்கு ஒரு காட்சி சாட்சி. பல் மருத்துவர் ஒருவர் தன்னிடம் வரும் சிறுமிகளிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார், சொந்த மகள் பெக்காவையும் விட்டுவைக்கவில்லை. சிறுமிகளின் சொல் அந்த நாட்டில் எடுபடாது. லிடியா என்ன செய்கிறார்? இன்னொரு ஆன்ட்டை அந்த மருத்துவரிடம் அனுப்பி, தன்னைப் பலாத்காரம் செய்ய முயன்றதாகப் பொய்ப் புகார் சொல்ல வைக்கிறார். மருத்துவர் கொல்லப்படுகிறார். உண்மையான குற்றத்துக்குப் பொய்யான சாட்சியால் தண்டனை. நீதி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளவும் முடியவில்லை, கூடாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு கொடுங்கோலாட்சி நல்லதைச் செய்யவும் தன் கருவிகளையே பிடிக்க வைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆக்னஸின் பகுதி அமைதியானது. கிலியட்டிலேயே வளர்ந்ததால் அவளுக்கு அதுதான் இயல்பான உலகம். பள்ளியில் எம்பிராய்டரியும் பூ வரைதலும் சொல்லித்தருகிறார்கள், எழுத்து மட்டும் கிடையாது. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை, மனைவிகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கும் கமாண்டர் ஜட். கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஆன்ட் ஆவதற்கான பயிற்சியில் சேர்கிறாள். ஆன்ட்களுக்கு மட்டும்தான் படிக்க அனுமதி. அங்கே, பெரிய பெண்ணாக, முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

நியாயாதிபதிகள் 19-ம் அதிகாரத்தில் வரும் கொடூரமான கதை பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு லேவியன் தன் மறுமனையாட்டியைக் கும்பலிடம் விட்டுவிடுகிறான். மறுநாள் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டுகளாக்கி இஸ்ரவேலின் எல்லைக்கெல்லாம் அனுப்புகிறான். பள்ளியில் ஆக்னஸுக்கும் பெக்காவுக்கும் இந்தக் கதையைக் கருணையும் தியாகமும் சேர்த்து மெழுகிச் சொல்லியிருந்தார்கள். தானே படித்துப் பார்க்கும்போது அந்தக் கருணை எதுவும் மூலத்தில் இல்லை என்று தெரிகிறது. அவள் நம்பிக்கை ஆடுவது துப்பாக்கிச் சத்தத்தால் அல்ல, ஒரு பக்கத்தைத் தானே படித்ததால். ஆட்சியாளர்கள் எழுத்தைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். பெக்காவும் ஆக்னஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படிக்கும் இந்தப் பக்கங்களில்தான் நாவலின் அன்பு முழுக்க இருக்கிறது என்பேன்.

டெய்சியின் பகுதிதான் தோற்கிறது. பதினாறாவது பிறந்தநாள் என்று அவள் நினைக்கும் நாளில் கார் வெடிகுண்டு வளர்த்தவர்களைக் கொல்கிறது. அவர்கள் பெற்றோர் இல்லை, கிலியட்டிலிருந்து கடத்திவரப்பட்ட புகழ்பெற்ற குழந்தை நிக்கோல் தானே என்று அவளுக்குத் தெரிகிறது. சில பக்கங்களுக்குள் சண்டைப் பயிற்சி, மாறுவேடம், கிலியட்டுக்குள் நுழைவு, கையில் பச்சைகுத்திய இடத்தில் ஒளித்த ரகசிய ஆவணங்களோடு படகில் தப்பிப்பு. ஆக்னஸ் அவளுக்கு அக்காவாம், இருவரின் அம்மாவும் எல்லைக்கு அப்பால் காத்திருக்கிறாராம். படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் முதல் பாகத்தில் ஒவ்வொரு அடியும் உயிர்ப்பயத்தோடு வைக்கப்பட்டது. இங்கே இவர்கள் பிழைத்துவிடுவார்கள் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சாட்சியம் சொல்ல உயிரோடு இருக்கிறார்களே!

இந்தப் பகுதி மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு, அது இந்த ஊர்க்காரன் என்பதால் வருவது. எல்லைக்கு அப்பால் தஞ்சம் புகுந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைப் புதுச்சேரி நன்றாக அறியும். 1908-ல் பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பி பாரதியார் இங்கே வந்தார். 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து அச்சாகி எல்லை தாண்டிப் போனது. 1910-ல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். பிரெஞ்சு மண் என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாது, ஆனால் ஒற்றர்களை அனுப்ப முடியும். தெருமுனையில் ஆள் நிற்கும், தபால் பிரிக்கப்படும், பத்திரிகையை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் விடமாட்டார்கள், அதனால் வருமானம் நின்றுபோகும். ஐயர் வீட்டுக் கிணற்றில் அரசுக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை ஜாடிக்குள் அடைத்துப் போட்டு, அவர்களை மாட்டிவிடவும் பார்த்தார்கள். கிடைத்ததை இவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் தெரிவித்ததால் சூழ்ச்சி பலிக்கவில்லை. விசாரிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் எழுத்துகளைக் கண்டு மரியாதையோடு திரும்பியதாகச் சொல்வார்கள்.

பத்து ஆண்டுகள் இப்படி வாழ்ந்த பாரதியார் 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கைது. கடலூர் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தார். இன்று முள்ளோடைச் சோதனைச் சாவடியில் பாட்டிலைத் தேடிப் பையைத் திறந்து பார்ப்பதோடு சரி, பஸ் கிளம்பிவிடும். ஒரு காலத்தில் அந்தக் கோடு ஒருவருடைய சுதந்திரத்தின் அளவாக இருந்தது.

கிலியட்டுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருப்பதும் இதே மாதிரிக் கோடுதான். பெரிய பக்கத்து நாட்டைப் பகைத்துக்கொள்ளவும் முடியாமல், வந்தவர்களைத் துரத்தவும் மனமில்லாமல் கனடா தவிப்பதை அட்வுட் சரியாகப் பிடித்திருக்கிறார். கிலியட்டின் பெண் பிரசங்கிகள் டொரன்டோ தெருக்களில் ஜோடி ஜோடியாகப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும், அந்தப் பிரசுரத்துக்குள்ளேயே ரகசியச் செய்தி ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்கிய நுண்புள்ளியாகத் துணிக்கடைக்கு வந்து சேர்வதும் நுட்பமான கற்பனை. ஆனால் அந்தத் துணிக்கடைத் தம்பதி? வருடக்கணக்காகப் பொய்ப் பெயரில், யார் ஒற்றர் என்று தெரியாமல், வளர்ப்பு மகளிடம்கூட உண்மை சொல்லாமல் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பயம், சலிப்பு, கடை வாடகைக் கவலை எல்லாம் ஒரு முழு நாவலுக்குத் தாங்கும். அட்வுட் அவர்களை வெடிகுண்டுக்குக் கொடுத்துவிட்டு சாகசத்துக்கு ஓடிவிடுகிறார். அவர்களுடைய கதைக்கு இன்னும் நூறு பக்கம் கொடுத்திருந்தால் டெய்சியும் உயிர் பெற்றிருப்பாள்.

சரி, ஆட்சி எப்படி விழுகிறது? நாவல் மேல் வைக்கப்படும் பெரிய குறை இதில்தான். ஆவணங்கள் கனடாவில் வெளியாகின்றன, கிலியட் ஆட்டம் காண்கிறது. நிஜத்தில் அப்படி நடக்குமா? 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்காவின் கண்காணிப்பு ரகசியங்களை வெளியிட்டார். உலகமே பேசியது, ஆட்சி எதுவும் கவிழவில்லை. 2016-ல் வெளிநாடுகளில் பணத்தை மறைத்தவர்களைக் காட்டிய பனாமா ஆவணங்கள் வந்தபோது ஐஸ்லாந்துப் பிரதமர் பதவி விலகினார், பெயர் அடிபட்ட வேறு பலர் வசதியாகவே தொடர்ந்தார்கள். உண்மை தெரிந்தால் மக்கள் பொங்கி எழுவார்கள் என்ற நம்பிக்கையைக் கடந்த சில பத்தாண்டுகள் நன்றாகவே சோதித்துவிட்டன.

நானும் முதலில் இங்கேதான் நின்றேன். திரும்பப் படித்தால் அட்வுட் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. லிடியாவின் ஆவணங்களில் இருப்பது மேல்மட்டத்தினர் ஒருவருக்கொருவர் செய்த துரோகங்கள். அவை வெளியானதும் தலைவர்களுக்குள் களையெடுப்பு தொடங்குகிறது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து, மேல்வரிசையே காலியாகிறது. அதன் பிறகுதான் ராணுவப் புரட்சியும் மக்கள் எழுச்சியும். மக்களுக்கு அந்த ஆட்சியின் லட்சணம் முன்பே தெரியும், அவர்கள் அனுபவித்துக்கொண்டிருப்பவர்கள்தானே. யார் யாரை நம்பலாம் என்ற கணக்கு மேலே குழம்பியதுதான் புதிது. பயத்தால் ஆளும் கூட்டம் தனக்குள்ளேயே பயப்பட ஆரம்பித்தால் நிற்க முடியாது. இந்த அரசியல் புரிதல் ஆழமானது. கோளாறு என்னவென்றால், இவ்வளவு முக்கியமான விஷயம் கடைசியில் சில வரிகளில் வந்துபோகிறது. தப்பிக்கும் படகுக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

விருதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 அக்டோபரில் புக்கர் பரிசை இந்த நாவலுக்கும் பெர்னர்டின் எவரிஸ்டோவின் 'கேர்ள், உமன், அதர்' நாவலுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தும் நடுவர்கள் மீறினார்கள். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் எவரிஸ்டோ. ஏற்கெனவே 2000-ல் 'தி பிளைண்ட் அசாசின்' நாவலுக்காக அதே பரிசை வாங்கிய அட்வுட்டோடு அவர் பங்குபோட வேண்டி வந்தது எனக்கு உடன்பாடில்லை. 'தி டெஸ்டமெண்ட்ஸ்' நல்ல நாவல், அந்த ஆண்டின் பரிசு முழுதாக எவரிஸ்டோவுக்குப் போயிருக்க வேண்டும்.

இரண்டு பாகங்களும் ஒரே மாதிரி முடிகின்றன. 2195-ல் நடப்பதாக வரும் ஆய்வரங்கு முதல் பாகத்தின் முடிவில், 2197-ல் நடப்பது இரண்டாம் பாகத்தின் முடிவில். கிலியட் அழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பேராசிரியர் பியெய்க்சோட்டோ மேடையில் பேசுகிறார். முதல் தடவை ஆஃப்ரெட்டின் துயரத்தின் நடுவே அசட்டு ஜோக் அடித்தவர், இந்தத் தடவை அதற்காக வருந்திவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறார். கதை முடிந்துவிட்டது என்று இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடக் கூடாது. ஏனென்றால் லிடியாவின் கையெழுத்துப் பிரதி போலியாக இருக்கலாமோ என்ற கேள்வியை அவர் இங்கேதான் எழுப்புகிறார். யாரோ மாட்டிவிடுவதற்காக எழுதிவைத்திருக்கலாம் அல்லவா? நானூறு பக்கமாக நாம் நம்பிப் பழகிய குரலுக்கே உறுதியான ஆதாரம் இல்லை. எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிட்டது என்று நாம் குறைபட்டுக்கொண்ட நாவல், மிக முக்கியமான விடையை இந்த இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு தோழியிடம் மறுபடி போனேன். லிடியாவை மன்னிப்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால், தன்னைப் பற்றி அவர் எழுதியதில் எவ்வளவை நம்புவது என்பதிலேயே நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.